நாககன்னிகையின் நான்கு சம்பந்தங்கள்: லியூ யீ கதையில் விவாகமும் சம்மதமும்

பெரியோர் பார்த்து முடிக்கும் கலியாணத்தையும் டிராகன்களையும் ஒரே கதைக்குள் இணைத்து எழுதும் காதல் நவீனங்களை இன்று வாசிப்போர் அச்சேர்க்கையை நம் காலத்துப் புதுமை என்று கருதுவாராயின், தாங் வம்சத்துச் சீனத்தில் லீ சாவ்வெய் என்பவர் இயற்றிய லியூ யீயின் கதை அவர்கள் கண்ணில் பட்டதில்லை என்றே கொள்ளவேண்டும். 978-ல் தொகுத்து முடிக்கப்பெற்ற ‘தைபிங் குவாங்ஜி’ என்னும் பெருந்தொகையின் 419-ஆம் சுருளில் இடம்பெற்று நமக்குக் கிடைத்திருக்கும் இக்கதையை, பெற்றோர் முடித்த மணத்துக்கு எதிராகக் காதல் மணம் எழுப்பிய குரல் என்று இருபதாம் நூற்றாண்டின் விமரிசகர் பலர் வியாக்கியானம் செய்தனர். அந்த வியாக்கியானத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அது கதையின் பாதியையே விளக்குகிறது. பெரியோர் மணம் முடிக்கும் அதிகாரத்தைக் கதாசிரியர் மறுக்கவில்லை என்பதும், அவ்வதிகாரம் எந்த நிலையில் தர்மமாகிறது, எந்த நிலையில் பலாத்காரமாகிறது என்பதையே அவர் ஆராய்கிறார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காவோத்சுங் சக்கரவர்த்தியின் காலத்தில், 676-க்கும் 679-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அரசாங்கப் பரீட்சையில் தேறாமல் ஊர் திரும்பும் லியூ யீ, வழியில் ஜிங் நதிக்கு அருகே ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணைக் காண்கிறான். தொங்திங் ஏரியை ஆளும் டிராகனாகிய நாகராஜனின் இளைய மகள் அவள்; பெற்றோர் அவளை ஜிங் நதி நாகராஜனின் இரண்டாம் மகனுக்குக் கொடுத்தனர்; சிற்றின்பப் பிரியனான கணவன் பணிப்பெண்களின் பேச்சில் மயங்கி அவளை வெறுத்தான்; முறையிட்ட இடத்தில் மாமனார் மாமியார் மகன் பக்கமே சாய்ந்ததோடு, மீண்டும் மீண்டும் முறையிட்ட குற்றத்துக்காக அவளை இழிவுபடுத்தி ஆடு மேய்க்க வெளியே துரத்திவிட்டனர். பெற்றோர் தன்னைக் கேளாமல் கொடுத்தனர் என்று அவள் ஓரிடத்திலும் குறை கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவளுடைய துயரம் புக்ககத்தில் நீதி கேட்க இடமில்லாமற் போனதும், பிறந்தகத்துக்குச் செய்தி அனுப்ப வழியில்லாமற் போனதுமே. அவள் தர லியூ யீ கொண்டுசென்ற கடிதத்தைப் படித்து அழும் தகப்பனும், சம்பந்தம் செய்ததற்காக அன்றி, செய்தபின் மகளின் நிலையைக் காணாமலும் கேளாமலும் இருந்ததற்காகவே தன்னை நொந்துகொள்கிறான்.

அவள் மேய்ப்பவை உண்மையில் ஆடுகள் அல்ல, மழை பெய்விக்கும் தேவகணங்கள் என்று ஒரு குறிப்பு வருகிறது. இதனை வெறும் அலங்காரமாகக் கொள்வது தவறு. மழையையே மேய்க்கும் நாககன்னிகை தன் விலங்கைத் தானே அறுக்க முடியாமல் ஒரு மானிடனின் தயவை வேண்டி நிற்கிறாள். ஏனெனில் அவளைக் கட்டியிருப்பது உடல் வலிமையன்று, சடங்கு. தாங் சட்டத் தொகுதி, தம்பதிகள் இருவரும் இசைந்து பிரிவதைத் தண்டனையின்றி அனுமதித்தது. ஆயினும் இசைவு என்பது இரு தரப்பாரிடமிருந்தும் வரவேண்டிய பொருள். வைத்து வாழவும் மாட்டாமல் விடுத்து அனுப்பவும் மாட்டாமல் இருக்கும் புக்ககத்தின் முன்னே அச்சலுகை பயன்படாது.

சட்டம் விட்ட இடத்தை அவளுடைய சிற்றப்பனின் கோபம் நிரப்புகிறது. முன்பொரு காலத்தில் சியென்தாங் நதிக்கு அதிபதியாயிருந்தவனும், யாவ் மன்னன் காலத்து ஒன்பதாண்டு வெள்ளத்துக்குக் காரணமானவனும், தேவலோகத் தண்டனையால் அண்ணன் மாளிகையில் தூணோடு பிணிக்கப்பட்டவனுமாகிய அந்தச் செந்நிற நாகம், செய்தி கேட்டதும் பொற்சங்கிலியை அறுத்துக்கொண்டு, தூணையும் இழுத்துக்கொண்டு விண்ணேறுகிறது. திரும்பி வந்தவனிடம் அண்ணன் கணக்குக் கேட்கிறான்: மாண்டோர் ஆறு லட்சம், அழிந்த பயிர் எண்ணூறு லீ பரப்பு, மருமகன் விழுங்கப்பட்டான். ஒரு பெண்ணின் கண்ணீருக்கு ஈடாக ஆறு லட்சம் உயிர்களை ஒரே வரியில் கணக்குத் தீர்த்துவிட்டு விருந்துக்குப் போய்விடும் கதாசிரியரின் துணிச்சலை நம்மால் முழுமனத்தோடு ரசிக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விருந்திலே கதையின் மையம் இருக்கிறது. மதுமயக்கத்திலிருந்த சிற்றப்பன், விதவையாகிவிட்ட தன் அண்ணன் மகளை லியூ யீ மணந்துகொள்ள வேண்டுமென்று, வேண்டுகோளின் உருவத்தில் மிரட்டலை வைத்துப் பேசுகிறான். சாதாரணக் கதையாயின் இங்கே மங்கள வாத்தியம் முழங்கியிருக்கும்: நாயகன் உபகாரம் செய்தான், நாயகி மீட்கப்பட்டாள், உறவினர் மனமுவந்து கொடுக்கிறார்கள். லியூ யீயோ மறுக்கிறான். ‘வெள்ளத்தின் நடுவே செதிலும் பிடரியுமாக நீ என்னை எதிர்ப்பட்டிருந்தால் மிருகத்தின் கையில் இறப்பதாக எண்ணி இறந்திருப்பேன். இப்போதோ நீ மனித உடை தரித்து, அறநூல்களின் முறைமை பேசும் சபையில் அமர்ந்து, உடல் வலிமையையும் மதுவையும் துணைகொண்டு ஒருவனை நிர்ப்பந்திக்கிறாய்’ என்னும் கருத்துப்பட அவன் கூறும் பதில், ஆறு லட்சம் பேரைக் கொன்ற நாகத்தைத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கச் செய்கிறது. பின்னொரு காலத்தில் இம்மறுப்புக்கு அவனே இரண்டு காரணங்கள் தருகிறான்: நியாயத்துக்காகப் புறப்பட்டவன் கணவனைக் கொல்வித்து மனைவியைக் கொள்வது தகாது என்பது ஒன்று, மனத்தில் நேர்மையை வைத்தவன் பலத்துக்கு வளைவது தகாது என்பது மற்றொன்று. ஜிங் நதியார் செய்த குற்றமும் சிற்றப்பன் செய்யவிருந்த குற்றமும் ஓரினத்தவை என்று கதாசிரியர் இதனால் உணர்த்துகிறார். முன்னதில் பெண்ணின் மனம் கேட்கப்படவில்லை; பின்னதில் ஆணின் மனமும் கேட்கப்படவில்லை. பெண்ணின் மனத்தை அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை என்பதை லியூ யீயும் கவனித்ததாகத் தெரியவில்லை. விடைபெறும் வேளையில் அவள் முகத்தைக் கண்டபின்னரே அவன் நெஞ்சு சற்று வருந்துகிறது.

இதன்பின் மூன்றாம் சம்பந்தம் ஒன்று வருகிறது. தகப்பன் அவளை வேறொரு நதியரசனின் மகனுக்குக் கொடுக்க எண்ணியபோது அவள் கதவடைத்துக் கூந்தலை அறுத்துக்கொண்டாள். முதல் மணத்துக்கு வாய்மூடி இணங்கியவள் இம்முறை மறுத்தாள். பெற்றோரும் அம்மறுப்புக்கு இணங்கினர். மகளின் நிலையைக் கேளாதிருந்ததற்காக அழுத தகப்பன் கேட்கக் கற்றுக்கொண்டான் என்பதற்கு இதுவே சான்று.

நான்காவதுதான் விசித்திரமானது. நாகலோக ரத்தினங்களை விற்றுச் செல்வனாகி, மனைவியரை இழந்து தனித்திருந்த லியூ யீயிடம் தரகர் ஒருவர் வந்து, ஃபான்யாங் லூ குலத்துப் பெண் ஒருத்தி இளவயதில் கணவனை இழந்திருக்கிறாள், மறுமணம் செய்விக்கத் தாய் விரும்புகிறாள் என்கிறார். முறைப்படி மணம் நடக்கிறது. அந்தப் பெண்ணே நாககன்னிகை. லூ குலத்தைக் கதாசிரியர் காரணமின்றித் தேர்ந்தெடுக்கவில்லை. அக்காலத்தில் கொள்வினை கொடுப்பினைக்குப் பிறர் ஏங்கி நின்ற மிக உயர்ந்த குடும்பங்களில் அது ஒன்று. அத்தகைய குடும்பங்கள் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு கர்வித்திருந்ததைப் பொறாமல், 659-ல் இதே காவோத்சுங் சக்கரவர்த்தி அவற்றிடையே மணவுறவைத் தடுத்து ஆணையிட்டார். ஆகவே மானிட சமூகத்தின் மிக உயர்ந்த சம்பிரதாய வேஷத்தைப் பூண்டுதான் நாகம் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்கிறது. தரகர், குலம், தாயின் இசைவு, முகூர்த்தம் ஆகிய அனைத்தும் உள்ளன, எதுவும் மீறப்படவில்லை, ஆனால் அனைத்தையும் இயக்குவது மணப்பெண்ணின் உள்ளம். குழந்தை பிறந்த பிறகே அவள் தன்னை வெளிப்படுத்தி, அன்று மறுத்தது மெய்யாகவே வேண்டாமென்றா, சிற்றப்பனின் அதட்டலாலா என்று வினவுகிறாள். நான்கு சம்பந்தங்களிலும் ஒருவர் மற்றவரின் மனத்தை நேரே கேட்பது இதுவே முதன்முறை. இங்கே ஒரு குறையும் உண்டு: லியூ யீயின் சம்மதம் உண்மையறியாமல் கொடுத்த சம்மதம். கதாசிரியர் அதனைக் குற்றமாகக் கருதவில்லை. நமக்கு ஐயம் நீங்கவில்லை. இம்முடிவுக்கு வழிசெய்வதற்காகவே வந்து இறக்கும் சாங், ஹான் குல முன்மனைவியர் இருவரைப் பற்றியும் கதை ஒரு சொல்லேனும் இரங்கியிருக்கலாம்.

சீனத்து நாகராஜர்கள் பாரத நாட்டு நாகர்களைப் பற்றிய பௌத்த நூல்கள் வழியே உருப்பெற்றவர்கள் என்பது அறிஞர் கண்ட முடிவு. நமது பௌத்த காவியமாகிய மணிமேகலையிலும் நாகநாட்டு இளவரசி பீலிவளை சோழனோடு கூடி, சொல்லாமல் பிரிந்துபோக, அவள் பெற்ற மகனைத் தேடுவதில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகார் கடலுக்கு இரையாகிறது. அங்கே தரகரும் இல்லை, சடங்கும் இல்லை. சீனக் கதையில் சடங்கின்மேல் அத்தனை அக்கறை இருப்பதன் பொருள் இவ்வொப்புமையால் தெளிவாகிறது.

யுவான் காலத்து நாடகாசிரியர் ஷாங் சோங்சியென் இக்கதையை மேடைக்குக் கொண்டுவந்தபோது, லியூ யீ அதே நியாயங்களைக் கூறி மறுக்கிறான். ஆனால் ஆடை ஆபரணங்களோடு அலங்கரித்து வந்த கன்னிகையைக் கண்டவுடன், இவ்வளவு அழகு என்று முன்பே தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று அங்கலாய்க்கிறான். சபை சிரித்திருக்கும். ஆனால் தாங் கதையில் ஒரு நாகத்தையே நாணச்செய்த மறுப்பு இங்கே கைதவறிப்போன லாபத்துக்கான ஏக்கமாகச் சுருங்கிவிடுகிறது; அதன்பின் வரும் மணத்தில் பெண் எதனைக் கேட்டறிய வேண்டுமோ, அக்கேள்விக்கே இடமில்லை.