எல்லைமலையில் எழுந்த பாட்டு

மலைக்கு இருபுறமும் நீர் பிரிந்து ஓடும். ஒருபுறத்து நீர் மேலைக்கடலைச் சேரும். மறுபுறத்து நீர் வைகையாய்ப் பாண்டிநாட்டை நனைக்கும். ஆனால் பாட்டுக்கு அத்தகைய பிரிவு இல்லை. கம்பத்திலிருந்து குமுளிக்கும், போடியிலிருந்து மேட்டுக்கும் ஏறிவந்த நம் முன்னோர், தலையில் சுமந்த மூட்டையோடு நாவில் பாட்டையும் சுமந்தே வந்தனர். அவ்வாறு வந்த பாட்டின் வரலாற்றை, அதிலும் இவ்வெல்லையோரத்தில் மேடைப் பாடகராய்த் தொடங்கிப் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் படத்தயாரிப்பாளராகவும் உயர்ந்த உடன்பிறந்தோர் வரலாற்றை, இம்மலரில் எழுதிவைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

நம் விழாக்கள் யாவும் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகின்றன. அவ்வாழ்த்து நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவுடையது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அதன் சொற்கள், 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் நாடகநூலைச் சார்ந்தவை. அந்நூலை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் போதித்தவர். தமிழக அரசு 1970-ஆம் ஆண்டில் அதனை அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்றபோது, மோகன இராகத்தில் இசையமைத்துத் தந்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். அவரோ பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-ஆம் ஆண்டு பிறந்தவர். சொல் ஆலப்புழையில் பிறந்தவருடையது. இசை பாலக்காட்டில் பிறந்தவருடையது. இரண்டும் கூடித் தமிழகத்தின் வாழ்த்தாயின. 2021-ஆம் ஆண்டு முதல் அதுவே அம்மாநிலப் பாடலாகவும் விளங்குகிறது. கேரளத்தில் வாழும் தமிழர் தாயகத்தினின்று பெற்றவர் மட்டும் அல்லர்; தாயகத்திற்குத் தந்தவரும் ஆவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இளமையிலேயே தந்தையை இழந்த விசுவநாதன் கண்ணூரில் பாட்டனாரிடம் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். பதின்மூன்றாம் வயதில் மேடையேறிப் பாடினார். நடிகராகவும் பாடகராகவும் வேண்டும் என்பதே அவர் விருப்பம். அது நிறைவேறவில்லை. ஜூபிடர் நிறுவனத்தில் சிற்றேவல் செய்பவராய் நுழைந்து, எஸ். எம். சுப்பையா நாயுடு, சி. ஆர். சுப்பராமன் ஆகியோரிடம் தொழில் கற்று, டி. கே. இராமமூர்த்தியுடன் இணைந்து 1952-இல் 'பணம்' முதல் 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை தமிழ்த் திரையிசையின் போக்கையே மாற்றினார். மேடையில் பாடத் தொடங்கியவர், பிறர் பாடுவதற்கு இசை படைப்பவராய் மலர்ந்த வரலாறு இது. இதே வரலாறு, நம் இடுக்கி எல்லையில் வேறொரு கோலத்தில் நிகழ்ந்தது. அதனையே இனி விரிவாகக் காண்போம்.

தேவிகுளத் தேர்தலும் பாவலரும்

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் மிக்கிருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தோடு சேர்ந்தது. வீட்டைவிட்டு ஓரடியும் நகராமலேயே அயல் மாநிலத்தவர் ஆனோர் பலர்.

மறு ஆண்டு கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கம்யூனிஸ்டு அமைச்சரவை அமைந்தது. தேவிகுளத்தில் வென்றவர் திருமதி ரோசம்மா புன்னூஸ். அச்சட்டமன்றத்தில் முதன்முதல் உறுதிமொழி ஏற்றவரும் அவரே. ஆயினும், எதிர்த்து நின்ற பி. கே. நாயரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டனர் என்ற வழக்கில் அவர் வெற்றி செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 1958-ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வந்தது. அமைச்சரவையின் பெரும்பான்மையோ மிகச் சிறிது. நாடே தேவிகுளத்தை நோக்கி நின்றது.

வாக்காளருள் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். அவர்களிடம் எவ்வாறு பேசுவது? துண்டறிக்கை அச்சிட்டால் படிக்கத் தெரிந்தோர் சிலரே. மலையாளச் சொற்பொழிவு எத்துணைச் சிறந்ததாயினும் நெஞ்சில் தங்காது. பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, மாலையில் எடை போட்டு, லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டுவோரை நெடுநேரம் உட்கார வைத்தலும் அரிது. இந்நிலையில்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம் குழுவினரோடு மலையேறினார்.

பண்ணைப்புரம் உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூர். அந்நாளில் மதுரை மாவட்டத்தையும் இந்நாளில் தேனி மாவட்டத்தையும் சார்ந்தது. பாவலர் பாடகர், அதனோடு பாடலை அப்போதைக்கப்போது கட்டும் ஆற்றலும் உடையவர். மக்கள் நன்கறிந்த திரைப்பாடலின் மெட்டை எடுத்து, அதில் கூலியையும் விலைவாசியையும் தேர்தலையும் பற்றிய சொற்களை வைத்துப் பாடுவது அவர் முறை. அம்முறையின் பயனை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மெட்டு முன்னரே கேட்போர் காதில் உள்ளது. ஆதலின் ஒருமுறை கேட்டாலே புதிய சொற்கள் அதில் பொருந்தி நின்றுவிடும். இரவில் ஒரு லயத்தில் கேட்டவர் மறுநாள் மலைச்சரிவில் முணுமுணுப்பார். அடுத்த வரிசையில் நிற்பவர் அதனைப் பற்றிக்கொள்வார். அச்சும் தாளும் இன்றி ஒரு செய்தி மலை முழுதும் பரவ இதைவிட எளிய வழி இல்லை. அமெரிக்க நாட்டில் ஜோ ஹில் என்னும் தொழிலாளர் பாவலரும், தெரிந்த மெட்டுகளில் புதுச்சொற்களை இட்டே பாடினார். கேரளத்திலும் 1950-இல் தோன்றிய கே. பி. ஏ. சி. நாடகக் குழு பாட்டால் மக்களை ஈர்த்தது. ஆனால் மலைத்தோட்டத் தமிழருக்கு அவர்தம் மொழியிலேயே அப்பணியைச் செய்தவர் பாவலர்.

ரோசம்மா புன்னூஸ் ஏறத்தாழ 7,000 வாக்கு மிகுதியில் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்று இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு தேர்தலின் முடிவைப் பாட்டு ஒன்றே முடிவு செய்யும் என்று நாம் கூறோம். கூலி உயர்வும் சங்க உரிமையும் வேண்டி நின்ற தொழிலாளரின் உறுதியே வாக்காயிற்று. ஆயின், அவ்வுறுதிக்கு வாயும் ஓசையும் தந்தது பாட்டு என்பதை மறுப்பார் இல்லை.

உடைந்த குரலும் பிறந்த இசையும்

'பாவலர் சகோதரர்கள்' என்னும் அக்குழுவில் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகிய இளையோரும் அடுத்தடுத்துச் சேர்ந்தனர். இராசையாவே பின்னாளில் இளையராஜா. அமர்சிங்கே கங்கை அமரன். பதினான்கு வயதளவில் குழுவில் சேர்ந்த இராசையாவுக்குப் பெண்குரலில் பாடும் பணி வாய்த்தது. இனிய பிள்ளைக் குரலுக்குக் கூட்டம் மயங்கியது. ஆனால் வயது ஏறக் குரல் உடைந்தது. பாராட்டிய கூட்டமே ஏளனம் செய்தது. அந்நாளில் அவர் கை ஆர்மோனியத்தை நாடியது. பாடமுடியாது போன குறை, விரலைப் பழக்கியது. விரல் பழகவே, பாட்டின் உள்ளமைப்பு விளங்கியது. எலப்புள்ளியார்க்கு நடிப்பு மறுக்கப்பட்டது. பண்ணைப்புரத்தார்க்குக் குரல் மறுக்கப்பட்டது. இருவருக்கும் அடைபட்ட ஒரு வாயிலே வேறொரு வாயிலைக் காட்டிற்று.

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் நால்வர் கிதாரும் கையுமாய் உலகை ஆட்டத் தொடங்கிய அதே ஆண்டுகளில், நம் எல்லைப்புற இளைஞர் நால்வர் ஆர்மோனியமும் கையுமாய் மேடை மேடையாய்ச் சென்றனர். அவர்க்கு ஒலிப்பதிவு நிலையம் இருந்தது; இவர்க்கு இல்லை. இவ்வேறுபாட்டை நினைவில் கொள்க; பின்னர் இதற்கு வருவோம்.

1964-இல் நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் பாடிய இரங்கற்பாவுக்கு இராசையா இசையமைத்தார். அதுவே அவர்தம் முதற்படைப்பென்பர். 1968-ஆம் ஆண்டளவில் அவர் சென்னை சென்றார். தாயார் சின்னத்தாய் அம்மையார் வீட்டிலிருந்த வானொலிப்பெட்டியை விற்று, 400 ரூபாயைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினார் என்று இளையராஜா மேடைகளில் நன்றியோடு கூறியுள்ளார். பிள்ளைகளின் இசையைக் கேட்பதற்காக, தாம் இசை கேட்கும் பெட்டியை விற்ற தாய் அவர்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார், ஜி. கே. வெங்கடேசிடம் உதவியாளராக இருந்தார். சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் கிதார் வாசித்தார். 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்த சலீல் சௌத்ரியை நாம் சிறப்பாக நினைத்தல் தகும். அசாம் தேயிலைத் தோட்டத்து மருத்துவரின் மகனாய்த் தோட்டப் பாட்டைக் கேட்டு வளர்ந்து, வங்காளத்தில் மக்கள் இயக்கப் பாடல்களை இயற்றியவர் அவர். அசாம் மலையின் பாட்டும் தேவிகுளம் மலையின் பாட்டும் ஒரே கூடத்தில் அருகருகே அமர்ந்தன எனலாம்.

1976-இல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக அவரை அறிமுகப்படுத்தி, இளையராஜா என்ற பெயரையும் தந்தார். எல்லைப்புற வயல்களில் கேட்ட மெட்டு, வயலின்களின் துணையோடு நாடெங்கும் ஒலித்தது. அவர் இசையோடு நில்லாமல் பாடல்களும் இயற்றினார். 'இதயக்கோயில்' (1985) அதற்குச் சான்று. தம்பி கங்கை அமரன் '16 வயதினிலே' (1977) படத்துக்கு எழுதிய பாடலைப் பாடி எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார். அவரே 'கோழி கூவுது' (1982) முதலாகப் படங்களை இயக்கினார். ஊர் ஊராய்ச் செல்லும் கலைக்குழுவின் வாழ்வைக் கூறும் 'கரகாட்டக்காரன்' (1989) நெடுநாள் ஓடியது. பாஸ்கர் தயாரிப்பாளரானார். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'ராஜாதி ராஜா' (1989) முதலியவற்றைத் தயாரித்த நிறுவனத்துக்குத் தம் மூத்தவர் பெயரையே சூட்டி, 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்றனர். லயத்து மேடையில் பாடியவரின் பெயர் வெள்ளித்திரையில் ஒளிர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. ஐந்து தேசிய விருதுகள். அவற்றுள் ஒன்று மலையாளத்தின் 'பழசிராஜா' படத்துக்கு உரியது. 2018-இல் பத்ம விபூஷண். 2020-இல் கேரள அரசின் ஹரிவராசனம் விருது. 2022-இல் மாநிலங்களவை நியமனம். 2025 மார்ச்சுத் திங்களில் லண்டன் மாநகரில் சிம்பொனி அரங்கேற்றம். ஆர்மோனியம் சுமந்து நடந்த கால்களுக்கு இவை பொருந்திய சிறப்புகளே.

நமக்கு எஞ்சிய கடமை

ஆயினும் நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றுண்டு. தம்பியரின் பாட்டு இசைத்தட்டில் உள்ளது. அண்ணன் 1958-இல் நம் மலையில் பாடிய பாட்டு எங்கே? லிவர்ப்பூல் இளைஞரின் பாட்டைக் காத்த ஒலிப்பதிவுக் கருவி, தேவிகுளம் மேடையில் இல்லை. அப்பாட்டுகள் கேட்டோரின் நெஞ்சிலன்றி வேறெங்கும் தங்கவில்லை. அந்நாளில் இருபது வயதினராய்க் கேட்டோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர்.

பாவலரின் பாட்டு மட்டுமா? கொழுந்து கிள்ளும்போது பாடிய பாட்டு, கங்காணியைக் கேலி செய்த பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகிய அனைத்தும் அந்நிலையிலேயே உள்ளன. 2015-ஆம் ஆண்டு மூணாற்றில் நம் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' எனத் திரண்டு, குறைக்கப்பட்ட போனசை மீட்கத் தெருவில் அமர்ந்தனர். அம்முழக்கத்தையேனும் நாம் எழுதி வைத்தோமா? 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து, லயங்களில் உறங்கிய எழுபது பேர் மாண்டனர். குடும்பம் குடும்பமாய் மறைந்த அவ்விடத்தில், பாட்டியும் போய், அவள் பாட்டைக் கேட்ட பேத்தியும் போய்விட்ட கொடுமையை என்னென்பது! வீட்டைத் திரும்பக் கட்டலாம். பாடுவோரும் கேட்போரும் ஒருங்கே மறைந்தபின் பாட்டை எவர் மீட்பார்?

ஆதலின் நம் காலனிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைபேசி உண்டு. அன்று பாவலருக்கு வாய்க்காத ஒலிப்பதிவுக் கருவி நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டு முதியோரை அருகிருத்தி, அவர் அறிந்த பாட்டுகளைப் பதிவு செய்க. பாடியவர் பெயர், எத்தோட்டம், எவ்வாண்டு என்பவற்றைக் குறித்துக்கொள்க. பள்ளியில் மலையாளம் பயிலும் பிள்ளைகள் அவற்றைத் தமிழெழுத்தில் எழுதிப் பழகுக. மொழியும் வளரும், பாட்டும் நிலைக்கும். அவ்வாறு திரட்டியவற்றை ஆண்டுதோறும் இம்மலரில் வெளியிடச் சங்கம் முன்வருமாயின், அதனினும் உயர்ந்த தமிழ்ப்பணி வேறில்லை.

இம்மலையில் பிறக்கும் பிள்ளைகளுள் மற்றொரு விசுவநாதனோ இளையராஜாவோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. அப்பிள்ளை காது திறக்கும்போது கேட்பதற்கு நம் பாட்டு இருக்க வேண்டும். அது நம் கையில் உள்ளது.

வாழ்க தமிழ்! வளர்க நம் பாட்டு!