என் இனிய இயந்திரா: திண்டுக்கல் சமவெளியும் குடும்பக் கட்டுப்பாட்டின் உருவகமும்

என் இனிய இயந்திரா, எழுத்தாளர் சுஜாதா (1935–2008) 1980-களில் ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதிய அறிவியல் புனைகதை. பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. எதிர்காலத்தில் நடக்கும் கதை என்றாலும், பிள்ளைப்பேற்றில் அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற, அந்நாளில் நாடு முழுவதும் நிலவிய கேள்வியை இது உருவகமாகப் பேசியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பணி மிக முன்பே வேரூன்றிய திண்டுக்கல் வட்டாரத்துக்கு அக்கேள்வி புதிதன்று.

பின்னணி

நேரடியாகச் சொல்ல முடியாததை வேற்றுலகக் கதையாகச் சொல்வது தொலைக்காட்சியில் பழைய உத்தி. அமெரிக்காவில் இனவெறி பற்றிய ராட் செர்லிங்கின் நாடகங்களை விளம்பரதாரர்கள் வெட்டித் திருத்தினர். அவர் 1959-இல் 'தி ட்விலைட் சோன்' என்ற கற்பனைத் தொடருக்கு வந்தபின் அதே பொருள்களைத் தடையின்றித் தொட முடிந்தது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 1969 சனவரிப் பகுதி ஒன்றில், முகத்தின் ஒரு பாதி கருப்பாகவும் மறுபாதி வெள்ளையாகவும் உள்ள இருவர், எந்தப் பக்கம் எந்த நிறம் என்பதற்காகவே பகை வளர்க்கின்றனர்.

இந்தியாவில் தடை வேறு வகையானது. 1997-இல் பிரசார் பாரதி அமையும்வரை தூர்தர்ஷன் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. சென்னை நிலையம் தொடங்கிய நாளே 1975 ஆகஸ்ட் 15, அதாவது நெருக்கடி நிலைக் காலம்.

கதை

கதை நிகழ்வது 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்னும் சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கிறார். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கிவிட்டன. குறித்த வயதைக் கடந்தவர்களுக்கு வாழ அனுமதி இல்லை. குழந்தை பெறவும் அரசின் ஒப்புதல் வேண்டும். நிலாவுக்கும் அவள் கணவன் சிபிக்கும் அந்த ஒப்புதல் கிடைக்கிறது. வெளியே சென்ற சிபி திரும்பவில்லை. தேடிப் போனால், அப்படி ஒருவர் இருந்ததாகவே அரசுப் பதிவில் இல்லை. அவளுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். மனிதர்கள் சிந்திக்க மறந்த நாட்டில் படிப்பதும் கேள்வி கேட்பதும் அந்த இயந்திரமே. தொலைக்காட்சித் தொடரில் நிலாவாகச் சிவரஞ்சனியும், ஜீனோவின் உரிமையாளன் ரவியாக ஆனந்தும் நடித்தனர்.

ஆத்தூர் வட்டாரம்

மருத்துவர் டி. எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்திரம் 1962-இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த ஆத்தூர் வட்டாரத்தில், காந்திகிராமம் 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு ஒரு முன்னோடி நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1964-இல் ஊரக நலவாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டு நிறுவனம் உருவானது. ஊரில் செல்வாக்குள்ளவர்களைத் துணைக்கொண்டு தம்பதியரிடம் பேசி இணங்க வைப்பதே அங்கு கையாளப்பட்ட வழி.

இணங்க வைப்பதற்கும் கட்டாயப்படுத்துவதற்கும் நடுவே வேறு படிகளும் இருந்தன. சென்னை மாநில அரசு 1950-களிலேயே கருத்தடை அறுவைக்கு வந்தவர்களுக்குப் பணம் கொடுத்தது. நெருக்கடி நிலையின்போது அதிகாரிகளுக்கு இலக்குகள் விதிக்கப்பட்டன. 1976–77 ஆண்டில் மட்டும் இந்தியா முழுவதும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு அறுவை நடந்தது. வட மாநிலங்களில் பலரைப் பிடித்துச் சென்று அறுவை செய்தனர். இந்தச் சீற்றம் 1977 தேர்தல் முடிவிலும் தெரிந்தது.

ஒளிபரப்பு

திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15-இல் தனி மாவட்டமானது. கொடைக்கானலும் ஆத்தூர் வட்டாரமும் அதில் அடங்கின. சமவெளி வீடுகளின் ஆன்டெனாக்கள் கொடைக்கானல் மலையின் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திரும்பியிருந்தன. 'நாமிருவர் நமக்கிருவர்' என்ற விளம்பரத்தைக் காட்டிய அதே அரசு அலைவரிசையில்தான், குழந்தைக்கு அனுமதி கேட்கும் நிலாவின் கதையும் வந்தது.

மதிப்பீடு

இத்தொடரைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரான பிரசாரமாகக் கொள்ள இயலாது. பிள்ளைகளின் எண்ணிக்கையை அளவோடு வைப்பதை அது பழிக்கவில்லை. முடிவு யாருடையது என்றுதான் கேட்டது. ஆத்தூரில் ஊழியர் பேச வந்தபோது வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு இடம் இருந்தது. நிலாவுக்கு அது இல்லை. பணத்துக்காகவோ இலக்குக்காகவோ அந்த இடம் சுருங்கும்போது, நலத்திட்டம் எவ்வாறு ஆட்சிக் கருவியாகிறது என்பதைக் கதை காட்டுகிறது. ஜீவாவின் ஆட்சி வீழ்ந்த பின்னும் சிக்கல் தீரவில்லை என்பதை 'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டாம் பாகம் சொல்கிறது. அதில் நிலா பெயருக்கு அரசியாகிறாள், ஆட்டுவிப்பவர்கள் வேறு.