தீர்த்தம் தெளிக்க ஆளில்லாத படுகளம்

போரில் செத்தவனைப் பற்றிப் பேசத் தமிழில் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. சாகாமல், காயத்தோடு படுத்து, ஊரை நினைத்துக்கொண்டு கிடப்பவனை என்ன செய்வது?

பழைய மரபு அவனை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. தொல்காப்பியத்தில் தொடாக்காஞ்சி என்றொரு துறை இருக்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் வீட்டில் வேப்பிலை செருகி, ஐயவி சிதறி, மணியடித்து, காயம்பட்டவனைப் பெண்கள் காக்கிறார்கள். பாடியவர் அரிசில்கிழார். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையைக் கேட்டவர்களுக்குப் படுகளம் தெரியும். களத்தில் கிடக்கும் அண்ணன்மாரைத் தேடிக் காடெல்லாம் அலைந்து தங்காள் வருகிறாள்; தீர்த்தம் தெளித்து எழுப்புகிறாள். சற்று நேரமாவது அவர்களோடு பேசிவிடுகிறாள். திருவிழாவில் சாமி வந்து விழுந்தவர்களை இன்றைக்கும் அப்படித்தான் எழுப்புகிறார்கள். காலமும் சாதியும் வேறு வேறான இந்த இரண்டு பிரதிகளும் ஒன்றையே சொல்கின்றன: அடிபட்ட உடல் உறவுக்காரர்களுக்குச் சொந்தம்.

காலனியப் பட்டாளம் இந்தச் சொந்தத்தைப் பறித்தது. உடல் சர்க்காருக்குச் சொந்தமாயிற்று.

1914 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்து அரண்மனை இந்தியச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. ஒன்பது சமையற்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். சாதி ஆசாரத்தை இவ்வளவு கவனித்துக்கொண்ட சர்க்கார், காயம் ஆறியவர்களில் பலரை ஊருக்கு அனுப்பாமல் திரும்பவும் பிரான்ஸ் போர்முனைக்கே அனுப்பியது. அதே நகரத்தின் கிச்சனர் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்வேலி இருந்தது.

மிஞ்சியது கடிதம்தான். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதினார்கள். ஊருக்குப் போகுமுன் தணிக்கையாளர் அதைப் படித்தார். அது தெரிந்ததால் சிப்பாய்கள் பூடகமாக எழுதப் பழகினார்கள்: கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். இன்று நாம் படிக்கக் கிடைப்பவை தணிக்கைக்காக ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள். பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிய ஏக்கத்தை ஆவணமாக்கியது பரிவு அன்று, சந்தேகம்.

இந்த ஆவணத்தில் தமிழ்க் குரலைத் தேடினால் ஏமாற்றந்தான். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர். போர்க்குலம் என்ற அந்தச் சொல்லாடல் பஞ்சாபியர்களையும் கூர்க்காக்களையும் கடுவாலிகளையும் பிரான்சுக்கு அனுப்பியது. பிரைட்டன் அரண்மனையைப் பற்றிச் சிப்பாய்களுக்கு அச்சிட்டுக் கொடுத்த புத்தகம் ஆங்கிலம், உருது, குருமுகி ஆகிய மூன்றில்தான் இருந்தது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63வது படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்காவில் அடிவாங்கியது. அங்கே காயம்பட்டவர்கள் எந்த மொழியில் முனகினார்கள் என்று பிரைட்டன் கடிதங்கள் சொல்லாது.

ஊர் ஏக்கம் என்பதே சர்க்காருக்குப் புரியாத சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையை உண்டாக்கியபோதே அது நோயுற்ற வெள்ளையர் தேறும் இடமாகிவிட்டது. 1850களில் குன்னூர்ப் பக்கம் ஜக்கதளாவில், பிற்பாடு வெலிங்டன் ஆன இடத்தில், வெள்ளைப் பட்டாளத்துக்குப் பாரக்ஸ் எழுந்தது. நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு அவன் ஊர்க் குளிரையே மலைமேல் தேடிக் கொடுத்தார்கள். கறுத்த சிப்பாயின் ஏக்கம் ஒழுங்குப் பிரச்சினை. வெள்ளைச் சிப்பாயின் ஏக்கத்துக்கு மருத்துவம்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப்போர்க் கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து போனவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர். இரண்டே எண்கள். கையோ காலோ போய்த் திரும்பி வந்தவனுக்கு மூன்றாவது எண் கிடையாது. பிரைட்டனிலும் இதுதான் நடந்தது: செத்த இந்துக்களும் சீக்கியர்களுமான 53 பேரை எரித்த குன்றின்மேல் 1921இல் சத்ரி எழுப்பினார்கள். செத்தவனுக்குக் கல் நடுவது எந்த அரசுக்கும் சுலபம், அவன் ஊருக்குப் போகணும் என்று கேட்கமாட்டான்.

ஊர் வரலாறு எழுதுகிற நண்பர்கள் அந்தக் கல்வெட்டைப் படியெடுப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். பட்டாளத்தார் வீடு என்று பேர்பட்ட வீடு ஏதாவது இருக்கிறதா, தாத்தா நொண்டிக்கொண்டு வந்த கதையைச் சொல்லப் பாட்டிகள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று கேளுங்கள். தணிக்கைக்காரன் கை படாமல் இருப்பது அது ஒன்றுதான்.