பெயருக்குள் ஓர் இடைவெளி: எக்ஸ்ஆர்க்ஸின் கதை

ஒரு சிற்றிதழின் பழைய பிரதிகளை ஸ்கேன் பண்ணிச் சேர்க்கிற வேலையில் கொஞ்சக் காலம் இருந்தேன். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் 'இதழ்கள்' என்று ஒன்று. பக்கத்தில், மங்கலாக வந்த முதல் ஸ்கேன்களைப் போட்டுவைத்த 'இதழ்கள் பழையது' என்று இன்னொன்று. பழையதுகளை ஒரேயடியாக அழிப்போம் என்று ஒரு இரவு லினக்ஸில் ஒற்றை வரி எழுதினேன். ஃபைன்ட் கட்டளை 'பழையது' என்று முடிகிற ஃபோல்டர்களைத் தேடும். எக்ஸ்ஆர்க்ஸ் அந்தப் பெயர்களை வாங்கி, அழிக்கிற ஆர்எம் கட்டளையிடம் கொடுக்கும். என்டரைத் தட்டினேன். சத்தமில்லாமல் முடிந்தது. திறந்து பார்த்தால் பழையது எல்லாம் அப்படியே இருக்குது. 'இதழ்கள்' ஒன்றையும் காணேல்லை.

ஏழு வருடத்து இதழ்கள். கணினி தெரிந்த ஒரு அண்ணாவுக்கு ஃபோன் பண்ணினேன்.

"பேருக்குள்ள இடைவெளி விட்டனியோ?"

"ஓம் அண்ணா."

"அப்ப அதுதான்."

அந்த ஒரு இடைவெளிக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

யுனிக்ஸ் உருவான அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், 1973 இல் கென் தொம்சன் 'பைப்' என்ற வசதியைச் சேர்த்தார். ஒரு கட்டளை வெளியே விடுகிற எழுத்தை அடுத்த கட்டளை உள்ளே வாங்கும், குழாய்க்குக் குழாய் பொருத்துவது மாதிரி. அந்த யோசனையை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் டக் மக்கில்ரோய். ஆனால் எல்லாக் கட்டளையும் குழாயால் வருவதை வாங்காது. ஆர்எம்முக்கு எதை அழிப்பது என்று அதே வரியில், அதன் பெயருக்குப் பின்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிக்கோ நீள வரம்பு உண்டு. 1975 இல் வந்த ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் அது வெறும் 512 பைட். ஃபைல்கள் கொஞ்சம் கூடினால் போதும், பட்டியல் நீண்டுவிட்டது என்று இயங்குதளம் மறுத்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாகக் கட்டளையை ஓடவிடலாம்தான். ஆனால் ஆயிரம் ஃபைலுக்கு ஆயிரம் தரம் ஒரு புரோகிராமைத் தொடங்குவது அந்தக் காலத்து இயந்திரங்களுக்குப் பெரிய சுமை.

இதற்கு வழி பிறந்தது அதே பெல்லின் இன்னொரு பிரிவில். இவான் ஐவியும் ரட் கனடேயும் 1973 இல் தொடங்கிய 'புரோகிராமர்ஸ் வேர்க்பெஞ்ச்' என்ற யுனிக்ஸ் வகை, பெரிய அளவில் மென்பொருள் எழுதுகிற ஆட்களுக்கானது. ஃபைன்ட் வந்ததும் அந்த வீட்டிலிருந்துதான். அங்கே எழுபதுகளின் பிற்பகுதியில் ஹேர்ப் கெலிஸ் எழுதியதுதான் எக்ஸ்ஆர்க்ஸ். அதன் வேலை மிகச் சின்னது. நெல்மூட்டைகளை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றுகிற மாதிரி, வரம்பு நிறையும்வரை பெயர்களை அடுக்கி ஒரு தரம் கட்டளையை ஓடவிடும். மிச்சத்துக்கு இன்னொரு நடை. அவ்வளவுதான். லினக்ஸில் 2007 வரை 128 கிலோபைட்டாக இருந்த வரம்பு இன்று வழக்கமாக 2 மெகாபைட், ஆனாலும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு வேலை குறையவில்லை.

சிக்கல் மூட்டைகளைப் பிரித்தறிகிற விதத்தில் இருந்தது. ஒரு பெயர் எங்கே முடிகிறது என்பதை எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளியையும் புது வரியையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கும். என்னுடைய '1998/இதழ்கள் பழையது' அதன் கண்ணுக்கு இரண்டு பெயர்: '1998/இதழ்கள்', 'பழையது'. முதலாவது இருந்தது, அழித்தது. இரண்டாவது அந்த இடத்தில் இல்லை, பேசாமல் விட்டது. (பேசாதே என்று சொல்லிவைத்ததும் நான்தான்.) பெயருக்குள் ஒற்றை மேற்கோள் குறி வந்தாலும் அதன் சோடி எங்கே என்று கேட்டுக் குழம்பும்.

கெலிஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய யுனிக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 14 எழுத்தைத் தாண்ட முடியாது. வைத்தவர்களும் புரோகிராமர்கள், சுருக்கமாக, ஒரே சொல்லாக வைத்தார்கள். இத்தனைக்கும் யுனிக்ஸ் தன் விதியில் சாய்கோட்டையும் பூச்சிய பைட்டையும் தவிர எந்த எழுத்தையும் பெயரில் அனுமதித்தது. விதி அனுமதித்ததை அவர்களுடைய பழக்கம் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஓட்டையைத் தெரிந்தே பயன்படுத்தவும் முடிந்தது. ஒரு சேர்வரில் எல்லாரும் எழுதக்கூடிய தற்காலிக ஃபோல்டரை நிர்வாகி இரவில் இதே இரண்டு கட்டளைகளால் துப்புரவு பண்ணுகிறார் என்று வையுங்கள. பெயரின் முடிவில் புது வரி எழுத்து வைத்த ஒரு ஃபோல்டரை அதற்குள் யாராவது உருவாக்கி, உள்ளே 'ஈடிசி' என்று இன்னொன்று, அதற்குள் 'பாஸ்வேர்ட்' கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபைல் வைத்தால் போதும். ஃபைன்ட் அச்சிடும்போது பாதை இரண்டு வரியாக உடையும். இரண்டாம் வரி, கணினியின் உண்மையான பயனர் பட்டியல் இருக்கிற இடம். நிர்வாகியின் கையாலேயே அது அழியும்.

திருத்தமும் எளிமையானதுதான். பெயருக்குள் வரவே முடியாத பூச்சிய பைட்டையே பிரிக்கிற குறியாக வைத்தால் என்ன? டான் பேர்ன்ஸ்டைனின் யோசனை இது. க்னூ திட்டத்தின் ஃபைன்டும் எக்ஸ்ஆர்க்ஸும் 1990களின் தொடக்கத்திலேயே இதை ஏற்றுக்கொண்டன. எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பின்னால் '-0' என்று போட வேண்டும், ஃபைன்டுக்கும் அதற்கேற்ற சொல் உண்டு. ஆனால் யுனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்துக்குள் இது வந்தது 2024 இல்தான். முப்பது வருடம்! இப்போதும் '-0' போடாவிட்டால் பழைய பழக்கம்தான்.

தமிழில் பெயர் வைக்கிற எங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. யூனிகோடை வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 'யாழ்ப்பாணம்' என்ற ஆறெழுத்துச் சொல்லுக்கு 33 பைட் போகும். ஆங்கிலத்தில் எழுதினால் ஆறே பைட். ஆகவே அந்த 2 மெகாபைட் வரம்பை எங்கட பட்டியல்கள் சீக்கிரம் தொட்டுவிடும், எக்ஸ்ஆர்க்ஸின் தேவையும் எங்களுக்குக் கூட.

அழிந்த ஏழு வருடத்தில் ஐந்தைத் திரும்ப ஸ்கேன் பண்ணினோம். மற்ற இரண்டு வருடத்துப் பிரதிகளைத் தந்தவர் அதற்கிடையில் வெளிநாடு போகும்போது அவற்றையும் கொண்டுபோய்விட்டார். 'இதழ்கள் பழையது' ஃபோல்டருக்குள் கிடந்த மங்கலான பக்கங்கள்தான் அந்த இரண்டு வருடத்துக்கும் இப்போது எங்களிடம் இருப்பது.