கந்தோர்க் கதிரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது, முடிந்தால் ஒழுங்காக இருந்துகொண்டு வாசியுங்கள்.

எங்கள் ஊரில் எந்தக் கந்தோருக்குள் போனாலும் இப்போது ஒரு காட்சியைக் காணலாம். புதிதாக வந்த சுழல் கதிரை, ஐந்து சில்லு, கறுப்பு வலைத் துணி முதுகு. கைப்பிடியில் சுற்றிவந்த பொலித்தீன் உறை வருடக்கணக்காகியும் கழற்றப்படவில்லை. இருக்கைக்குக் கீழே இரண்டு மூன்று பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரன் என்ன உயரத்தில் விட்டுப் போனானோ அதே உயரத்தில் கதிரை நிற்கும். ளுஹர் நேரத்துக்கு அதிலிருந்து எழும்புகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார். கேட்டால், "வயசாகுது சேர்" என்கிறார். வயது முப்பத்தைந்து!

அந்தப் பிடிகளை நாம் ஏன் தொடுவதில்லை? சோம்பல் மட்டும் காரணமில்லை என்பது எமது எண்ணம். அதன் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் பாதி எங்கள் துறைமுகத்தோடு சம்பந்தப்பட்டது.

முதலில் சொல்லையே பாருங்கள். தமிழ்நாட்டார் நாற்காலி என்கிறார்கள், நாம் கதிரை என்கிறோம். அது போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'. மேசை, வாங்கு, அலுமாரி எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்தான். கந்தோர் ஒல்லாந்தருடையது, இலாச்சியும் அப்படியே. 1624இல் போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டினார்கள், 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இடையில் பதினைந்து வருடம். இருவரும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் 'கந்தோர்க் கதிரை' என்று நாம் சொல்லும்போது முதற்சொல் ஒல்லாந்து, இரண்டாவது போர்த்துக்கேயம். இடையில் நிற்கும் 'க்' மட்டும்தான் எங்களுடையது! எங்கள் மலே சகோதரர்கள் கதிரையைக் கெருசி என்பார்கள். அது அரபியின் குர்ஸி.

அப்படியானால் அதற்கு முன் நாம் எதில் இருந்தோம்? பாயில், திண்ணையில், பலகையில். மூத்தம்மாமார் பன்பாய் இழைத்ததும் நிலத்தில் இருந்துதான், சஹனைச் சுற்றி நாம் சாப்பிட்டதும் நிலத்தில் இருந்துதான். பாயில் இருக்கிற ஆளைக் கொஞ்சநேரம் கவனித்துப் பாருங்கள். சம்மணமிடுவார், ஒரு காலை மடிப்பார், மற்றதை நீட்டுவார், சுவரில் சாய்வார், கையூன்றி எழும்புவார். ஒரே நிலையில் பத்து நிமிடம் இருக்கமாட்டார். பாய் யாரையும் கட்டிவைப்பதில்லை. கதிரைதான் மனிதனை முதன்முதலாக ஓரிடத்தில் பிடித்துவைத்தது.

இன்னொன்றும் செய்தது. யார் பெரியவர் என்பதைக் காட்டியது. ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு 1818 நவம்பர் 21ஆம் திகதி ஆளுநர் பிரவுன்றிக் கண்டிப் பிரதேசங்களுக்கு ஒரு பிரகடனம் வெளியிட்டார். வரலாறு படித்தவர்களுக்கு அது தெரியும். பெரும்பாலும் நாம் அதை அதிகாரப் பறிப்பு, வரி, நீதி என்றுதான் படிப்போம். அதற்குள் இருக்கை பற்றியும் விதி உண்டு. உயர் பதவித் தலைவர்களுக்குக் கதிரை. அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாய் விரித்த வாங்கு, அதுவும் பதவிக்கேற்ற உயரத்தில். ஒரு மனிதனின் முழங்காலுக்கும் நிலத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் ஆளுநருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்றுதான் அளந்தார்கள்.

அந்த மனநிலை போய்விட்டதா? எந்தக் காரியாலயத்திலும் தலைவரின் கதிரையை அதன் முதுகு உயரத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். தோல் உறை, தலைக்கு மேலே ஒரு சாண் உயரம். அதில் இருப்பவர் கட்டையான ஆளாக இருந்தால் முதுகு பின்னால் எட்டாது, கால் நிலத்தில் படாது. கூட்டத்தில் ராஜா மாதிரி இருப்பார், வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்ப்பார். கிளாக்கருக்கு மரக் கதிரை, மனுக்கொடுக்க வந்தவருக்கு வாங்கு, வாசலில் நிற்கிறவருக்கு ஒன்றுமில்லை.

கதிரையை ஆளுக்கேற்ப மாற்றலாம் என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் தோமஸ் வொரன் என்பவர் 1849இல் சுருள்வில் வைத்துச் சுழலும் கதிரையொன்றைச் செய்தார். 1851 இலண்டன் பெருங்கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. சார்ள்ஸ் டார்வின் தன் வாசிப்பு அறைக் கதிரைக்குச் சில்லுப் பூட்டி, மாதிரிகளுக்கிடையே உருண்டு திரிந்தார். ஆனால் அவை தனித்தனி ஆட்களின் கெட்டித்தனம். அதை ஓர் அறிவியலாக மாற்றியது யுத்தம்.

1942 ஏப்ரல் 9 எங்களூரின் மூத்த தலைமுறை மறக்காத நாள். ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. சீனன்குடாவிலிருந்து ஹரிகேன் விமானங்கள் எதிர்க்க எழும்பின. அந்த யுத்தத்தில் விமானத்துக்குள்ளும் கப்பலுக்குள்ளும் இயந்திரங்கள் என்றுமில்லாத வேகத்தில் பெருகின. ராடார் திரை, பீரங்கிக் குறிகாட்டி, நூறு விசைகள். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. கை எட்டாததாலும் கண் தவறியதாலும் ஆட்கள் செத்தார்கள். முதலில் ஆளைக் குற்றம் சொன்னார்கள். பிறகுதான் ஆளை வைத்து இயந்திரத்தைச் செய்யவேண்டும் என்று விளங்கியது.

எங்கள் துறைமுகம் அப்போது இலண்டனில் இருந்த அட்மிரால்டியின் கையில் இருந்தது. அதே அட்மிரால்டியில், மாலுமிகளின் வேலை அசைவுகளை ஆராயும் பிரிவொன்றில் ஹைவல் முரெல் என்பவர் வேலை செய்தார். 1949 ஜூலையில் அவர் உடற்கூற்றியலாளர், உளவியலாளர், பொறியியலாளர் சிலரை அட்மிரால்டியில் ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த துறைக்கு அவர் வைத்த பெயர்தான் எர்கோனொமிக்ஸ். கிரேக்கத்தில் எர்கோன் வேலை, நோமோஸ் விதி. 1857இலேயே போலந்து அறிஞர் யஸ்த்ஷெம்பொவ்ஸ்கி இந்தச் சொல்லைப் பாவித்திருக்கிறார், ஆனால் அது மறந்துபோயிருந்தது. இன்று கடையில் 'எர்கோனொமிக் செயார்' என்று விலைத்துண்டு ஒட்டியிருக்கிறதே, அந்தப் பெயர் பிறந்த இடம் தளபாடக் கடையல்ல, கடற்படைக் கந்தோர். கூட்டம் நடந்து எட்டு வருடத்தில், 1957 ஒக்டோபரில், அந்தக் கடற்படை எங்கள் டொக்யார்டை ஒப்படைத்துவிட்டுப் போனது. கப்பல்துறையைத் தந்தார்கள், இந்த அறிவைத் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிட முக்கியமானது என்று நாம் நினைக்கிறோம். 1950இல் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டானியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று 10 அளவுகள். நடுத்தர அளவுள்ள விமானிக்கு ஆசனம் செய்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்பதுதான் அதுவரை நம்பிக்கை. பத்து அளவிலும் நடுத்தரமாக வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. கால் நீண்டவருக்குக் கை கட்டை, நெஞ்சு அகன்றவருக்கு இடுப்பு ஒடுக்கம். அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தும் ஆசனங்கள் விமானத்துக்குள் வந்தன. எல்லோருக்கும் பொருந்தும் கதிரை என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அந்தப் பிடிகள்.

முதுகெலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவீடனில் அல்ஃப் நாக்கெம்சன் என்ற மருத்துவர் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்வில்லாமல் இருக்கும்போது, நிற்கும்போது உள்ளதைவிட அழுத்தம் கூடுகிறது என்றார். பிந்திய அளவீடுகள் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல என்றன. ஆனால் பின்னால் சாய்ந்தால் சுமை குறைகிறது என்பதில் இருதரப்பும் ஒன்றுதான். 2006இல் ஸ்கொட்லாந்தில் வஸீம் பஷீர் என்ற மருத்துவர் ஆட்களை இருக்கவைத்தே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, சுமார் 135 பாகை சாய்வில் முதுகுக்கு இழுப்பு மிகக் குறைவு என்றார். எங்கள் மூத்தப்பாமார் அஸருக்குப் பிறகு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்களே, அந்தப் பிரம்புச் சாய்வுக்கு இது எவ்வளவு கிட்ட! 'நிமிர்ந்து இரு' என்று தலையில் குட்டிய நாம்தான் யோசிக்கவேண்டும். சாய்மனையில் கிடந்து கணக்கு எழுத முடியாது என்பது வேறு விஷயம். அதனால் கந்தோருக்கு 100 முதல் 110 பாகை வரை ஒரு சமரசம்.

சரி, நாளைக்குக் கந்தோருக்குப் போய் என்ன செய்வது? முதலில் பொலித்தீனைக் கழற்றுங்கள். பிறகு கதிரைக்கு முன்னால் நில்லுங்கள். இருக்கையின் மேற்பக்கம் முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். உயரப் பிடியைப் பற்றி ஒரு விளக்கம். இருந்துகொண்டு இழுத்தால் கதிரை இறங்கும், உடம்பைத் தூக்கிக்கொண்டு இழுத்தால் ஏறும். உள்ளே இருப்பது அமுக்கிய வாயு, உங்களைத் தூக்கிக்கொண்டு அது ஏறாது. முழுப் பாரத்தோடு இருந்து இழுத்துவிட்டு "பழுது" என்று ஒதுக்கிய கதிரைகள் எத்தனையோ!

இருந்த பிறகு உள்ளங்கால் முழுவதும் நிலத்தில் படவேண்டும். படாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். எங்கள் பெண் உத்தியோகத்தர்களில் அனேகருக்கு இந்தப் பிரச்சினைதான். மேசை உயரம், அதற்காகக் கதிரையை ஏற்றினால் கால் தொங்குகிறது. நாள் முழுக்கத் தொங்கிய கால் பின்னேரம் வீங்கத்தான் செய்யும். (ராத்தாமாரே, அபாயா ஓரத்தைச் சில்லிலிருந்து தள்ளி வையுங்கள். இதை எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கமாட்டார்கள்.) முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையில் மூன்று விரல் நுழையவேண்டும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம், முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை போதும். முதுகுச் சாய்வின் புடைப்பு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில் வரவேண்டும்.

இருக்கைக்கடியில் உருண்டையாக ஒரு குமிழ் இருந்தால் அது சாய்வின் இறுக்கம். மெலிந்தவர் தளர்த்தவேண்டும், பாரமானவர் இறுக்கவேண்டும். கைப்பிடி மேசையில் முட்டினால் ஆள் கிட்டப் போகமுடியாமல் கூனுவார், அதை இறக்கிவிடுங்கள், இறங்காவிட்டால் கழற்றிவிடுங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரட்டும். கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கொருமுறை எழும்பி நடவுங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கதிரையும் பாயில் இருக்கிறவரின் அசைவைத் தந்துவிடாது.

ஒரே கதிரையில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் இருக்கும் இடங்களும் எங்களூரில் உண்டு. காவலறை, மருந்தகம், தொலைத்தொடர்பு நிலையம். அங்கே முறை மாறும்போது கதிரையையும் மாற்றவேண்டும். "சேர்ட செயார், தொடாதீங்க" என்ற பேச்சு அங்கே கேட்டால் அது 1818இன் பேச்சு.

பெரியவர்களுக்காவது பிடி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதுவுமில்லை. டென்மார்க்கில் ஓகே மண்டல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1970களிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் எழுதும்போது எப்படிக் கூனுகிறார்கள் என்று படம்பிடித்துக் காட்டினார். இருக்கை சற்று உயர்ந்து முன்பக்கம் சரியவேண்டும், மேசையும் பிள்ளையை நோக்கிச் சரியவேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் வாப்பாமார் படித்த காலத்து டெஸ்க்குகளுக்கு மூடி சரிவாகத்தான் இருந்தது. பிறகு வந்த தட்டை மேசை மலிவு. அதனால் அதுவே நிலைத்துவிட்டது. ஒரே அளவுக் கதிரையில் தரம் 6 பிள்ளை கால் தொங்க இருக்கிறது, தரம் 11 பிள்ளை முழங்கால் முட்ட இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் கதிரை அன்பளிப்புச் செய்யும்போது எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். இனிமேல் இரண்டு மூன்று உயரங்களில் செய்யச் சொல்லுங்கள். தச்சருக்கு அது பெரிய வேலையில்லை, மரமும் கூடச் செலவாகாது.

உங்கள் வீட்டில் மூத்தப்பா காலத்துக் கதிரை இருந்தால், டொக்யார்டில் வேலை செய்தவர்களின் வீடாக இருந்தால் இன்னும் நல்லது, நிலத்திலிருந்து இருக்கைவரை எத்தனை அங்குலம் என்று அளந்து, ஒரு படத்தோடு கீழே போடுங்கள். முதிரையா, தேக்கா, கருங்காலியா என்பதையும் எழுதுங்கள்.