இணைப்பு நுழைவும் பந்தயப் பணமும்: 1948 கென்டக்கி டெர்பி

ஒரே உரிமையாளரின் இரு குதிரைகள் ஒரு பந்தயத்தில் ஓடும்போது, எது வெல்லவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கக்கூடும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. இவ்வையத்தைக் களையும் பொருட்டே அமெரிக்கப் பந்தயத் திடல்கள் இணைப்பு நுழைவு முறையைக் கைக்கொண்டன. இதன்படி இரு குதிரைகளுக்கும் சீட்டு ஒன்றே; எது வென்றாலும் அச்சீட்டு வென்றதாகும்.

1948ஆம் ஆண்டுக் கென்டக்கி டெர்பியில் ஓடிய ஆறு குதிரைகளுள் காலுமெட் பண்ணையின் சைட்டேஷன், கோல்டவுன் ஆகிய இரண்டும் இவ்வாறு இணைக்கப்பட்டிருந்தன. அவையே முதலிரு இடங்களையும் பெற்றன. வெற்றிக்கு மட்டுமே பணம் ஏற்கப்பட்ட அப்பந்தயத்தில், 2 டாலர் சீட்டுக்கு 2.80 டாலரே கிடைத்தது. திடலின் பங்கு நீங்கலாகத் திரண்ட தொகையை வென்றோர் பகிர்ந்துகொள்ளும் முறையில், பலரும் ஒரே சீட்டை நாடியதன் விளைவு இது.

இணைப்பு நுழைவு, உரிமையாளரின் விருப்பத்திலிருந்து பணம் கட்டியவரைக் காத்தது. அக்காப்பின் விலையை ஆதாயக் குறைவாக அவரே செலுத்தினார்.