பூட்டிய அறையும் பிளாப்பி வட்டும்

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அதைத் திறப்பித்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது. இவ்வாறு திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இதில் வரலாறு எவ்வளவு என்பது ஆராய்ச்சியாளர் பாடு. எஞ்சிய ஏடுகளை எழுத்தறிந்தவர் கண்ணாலேயே படிக்க முடிந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். பிளாப்பி வட்டுக்கு அந்த வசதி கிடையாது.

1971-இல் ஐ.பி.எம். நிறுவனம் 8 அங்குல வட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் 5¼ அங்குலமும், சோனியின் 3½ அங்குலமும் வந்தன. இந்தக் கடைசி வட்டில்தான் வேடிக்கை. ஒரே வட்டு, டாஸ் முறையில் அது 720 கிலோபைட் கொள்ளும், மெக்கின்டாஷில் 800, அமிகாவில் 880!

எப்படி? கோயிலில் உள் பிராகாரத்தைவிட வெளிப் பிராகாரத்தைச் சுற்ற அதிக அடி நடக்க வேண்டும் அல்லவா? வட்டிலுள்ள 80 தடங்களும் அப்படித்தான். டாஸ் கணிப்பொறி ஒரே வேகத்தில் வட்டைச் சுழற்றி, எல்லாத் தடத்திலும் ஒன்பது கூறுகளையே எழுதியது. வெளித் தடங்களில் இடம் வீணாயிற்று. மெக்கின்டாஷோ வெளித் தடத்தில் வேகத்தைக் குறைத்துப் பன்னிரண்டு கூறுகளை எழுதியது. உள்ளே போகப் போக வேகத்தைக் கூட்டி, எட்டில் முடித்தது. அமிகா வேகத்தை மாற்றவில்லை. கூறுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியைச் சுருக்கி, தடத்துக்குப் பதினொன்றை அடைத்துவிட்டது. கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஒன்று எழுதியதை மற்றொன்று பெரும்பாலும் நேரடியாகப் படிக்காது.

வட்டை வெளியே எடுப்பதிலும் பேதம் உண்டு. டாஸ் கணிப்பொறியில் பொத்தானை அழுத்தினால் போதும். எழுதி முடியுமுன் அழுத்தினால் கோப்பு பாழ். மெக்கின்டாஷில் பொத்தானே இல்லை. திரையிலுள்ள வட்டின் படத்தைக் குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் இழுத்துவிட வேண்டும். எல்லாம் அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் நடுங்கியதில் வியப்பில்லை.

கடலூர் போன்ற கரையோர ஊர்களில் ஈரக்காற்றால் வட்டில் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே இயக்கியில் போட்டால் படிக்கும் தலையில் அழுக்கு ஏறி, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறிவிடும். எனவே முதலில் துடைக்க வேண்டும். பிறகு, இன்றைய மீட்புக் கருவிகள் எந்த முறையில் எழுதியது என்று கேட்பதில்லை. காந்தப்புலம் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் அப்படியே பதிவு செய்கின்றன. அந்தப் பதிவிலிருந்து கூறுகளைப் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. பழைய மெக்கின்டாஷ் வட்டையும் இவ்வாறு ஒரே வேகத்தில் சுழலும் சாதாரண இயக்கியிலேயே படித்துவிடலாம்.